சுருட்டில்லாத வாய்

அழகிரி இட்லியைச் சட்னியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் செத்துப்போனான்.

உறையூர் நாச்சியார் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது தங்கையனின் இட்லிக் கடை. சுருட்டுக் கொட்டகைக்குப் போகிறவர்கள் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார்கள். பம்பாயில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதிலிருந்து தங்கையன் கடையில் கூட்டம் அதிகம். இட்லிக்காக இல்லை, பேப்பருக்காக. தங்கையனுக்கு நல்ல தொண்டை. 'காவிரிக் கொடி' வந்த அன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே படிப்பான்.

"வையம்பட்டிக்கு அப்பால் ரயில்வே கேட்டருகே போலீசார் சுட்டதில் தேசபக்தர் மருதை வீரமரணம். குண்டு பாய்ந்த பின்னரும் அவர் வாய் முழக்கத்தை விடவில்லை. மறுபுறம் படம் காண்க."

தங்கையன் மறுபுறம் திருப்பினான். படத்தைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்த அழகிரியின் காலைப் பார்த்தான்.

முகத்தை அல்ல, காலை.

"என்னண்ணே, நிறுத்திட்டீங்க?" என்றான் அழகிரி.

தங்கையன் பேப்பரை நீட்டினான்.

பெரிய மீசை. இடது புருவத்தில் சின்னதாய் ஒரு வெட்டு. கன்னத்தில் குழி. தினமும் முகம் வழிக்கும்போது கண்ணாடித் துண்டில் தெரிகிற அதே ஆள். ஒன்றுதான் வித்தியாசம். படத்தில் இருந்தவனின் வாய் ஓரமாகத் திறந்திருந்தது. எதையோ சொல்ல வந்து, பாதியில் நின்றுபோன வாய்.

கீழே பெயர் மட்டும் வேறு. மருதை.

"நல்ல ஆளுய்யா நீ," என்று பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். "செத்தும் இட்லியை விடலை பாரு."

யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவனுமே சிரித்து முடித்த பிறகு பெஞ்சில் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தான்.

*

இரண்டு நாளில் தெருவே மாறிப்போயிற்று.

படம் வந்த பக்கத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டாத வீடு குறைவு. பூ வைத்தார்கள், விளக்கு வைத்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த விளக்கு வெளிச்சத்தில் அழகிரியின் வாய் அசைகிற மாதிரி இருக்கும். அவன் மனைவி குஞ்சம்மாள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டாள். ஆடிக் காற்று ஆவணியிலும் அடங்காத வருஷம் அது. சாத்திய கதவு இரவெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தது.

படத்தில் இருப்பது மருதைதான் என்று தெருவில் எல்லாருமே நம்பினார்கள். பேப்பரில் போட்டிருக்கிறதே. ஆனால் அழகிரி நடந்து வந்தால் பேச்சு நிற்கும். சிலர் கை கூப்புவார்கள். சிலர் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எல்லாரும் முதலில் பார்ப்பது அவன் காலை. தரையில் படுகிறதா?

அதற்குள் 'ராஜ்ய தீபிகை'யும் வந்துவிட்டது. அது சர்க்கார் பக்கம் பேசுகிற பத்திரிகை. அதிலும் அதே படம்தான். 'தண்டவாளம் பெயர்த்த கும்பலின் தலைவன் மருதை. வெறிகொண்டு கத்தும் தோற்றம்' என்று கீழே போட்டிருந்தது.

ஒரே வாய். இந்தப் பேப்பரில் முழக்கம், அந்தப் பேப்பரில் வெறி.

கோட்டை ஸ்டேஷன் கான்ஸ்டபிள் ஹபீபுல்லா ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அழகிரி சுவரோரமாக ஒதுங்கினான்.

"பயப்படாதே. செத்தவனைப் புடிக்க ரூல் கிடையாது," என்றார். ஏறி இரண்டு மிதி மிதித்தவர் திரும்பினார். "எதுக்கும் துண்டைப் போத்திக்கிட்டுப் போ. எனக்கே என்னமோ மாதிரி இருக்கு."

இதெல்லாம் குஞ்சம்மாளை உடைக்கவில்லை. அவளை உடைத்தது ஒரு வளைகாப்பு. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். புளிசாதமும் தயிர்சாதமும் கிண்டும் வாசனை சுவரைத் தாண்டி வந்தது. தெருவில் இருந்த சுமங்கலிகள் அத்தனை பேரையும் அழைத்திருந்தார்கள். இவள் வாசலை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். இவளும் புடவை மாற்றிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

அழகிரி வந்தபோது அதே புடவையில் புகையிலைக்கு நரம்பு கிழித்துக்கொண்டிருந்தாள். நடுநரம்பைப் பல்லிடுக்கில் பிடித்து ஒரே இழுப்பில் இலையை இரண்டாக்குகிற கை அவளுடையது. அன்றைக்கு இலைகள் துண்டு துண்டாகக் கிழிந்து கிடந்தன.

"என்னைக் கூப்பிடலைங்க."

"மறந்திருப்பாங்க."

"மறக்கலை. வாசல்ல நின்னு யோசிச்சிட்டுப் போனாங்க. நான் பாத்தேன்." தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டாள். "இது எதுக்குக் கெடக்குது கழுத்துல? ஊரு பூரா உங்க மூஞ்சிக்கு விளக்கேத்துறாங்க. உசுரோட இருக்கிற மூஞ்சிக்கு. எனக்கு ராத்திரி முழிச்சா உங்க மூக்குல கை வெச்சுப் பாக்கத் தோணுது. மூச்சு வருதான்னு."

"வருதா?"

"விளையாடாதீங்க." இலையைக் கீழே போட்டாள். "அது எப்படிங்க உங்க படம் அங்க போச்சு? உங்களைப் படம் புடிச்சதே ஒரு தடவைதான்."

அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.

*

அந்த ஒரு தடவை, சுருட்டுக் கொட்டகை முதலாளி ஷேக் தாவூது ராவுத்தரால் வந்தது.

ராவுத்தரின் சுருட்டுக்கு லேபிளில் போட மீசைக்காரன் ஒருவன் வேண்டியிருந்தது. கொட்டகையில் நாற்பது பேர் பலகை முன்னால் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் ஒரு நடை நடந்துவிட்டு அழகிரியை எழுப்பினார். மலைக்கோட்டைக் கடைத்தெருவில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், சரிகைத் தலைப்பாகை கட்டி, வாயில் சுருட்டை வைத்துப் படம் எடுத்தார். அச்சடிக்க, பட்டணத்திலிருந்து அந்தப் படம் உலோகத் தகட்டில் பிளாக்காகி வந்தது. அன்றிலிருந்து அழகிரிக்கு மீசைக்கென்று தனியாக விளக்கெண்ணெய் கொட்டகையிலிருந்தே கிடைக்கும்.

இப்போது விஷயத்தைச் சொன்னதும் ராவுத்தர் கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஊறப்போட்ட இலையின் கருப்பட்டி நெடி அறை முழுக்க நின்றது.

"நானும் பாத்தேன்பா. பாத்ததும் லேபிளை எடுத்துப் பக்கத்துல வெச்சேன். தலைப்பாகையை எடுத்துரு, சுருட்டை எடுத்துரு. அவ்வளவுதான்."

"சொல்லிரலாங்களே முதலாளி. இது சுருட்டு லேபிள்னு."

"யாருகிட்டே? கொடி புடிக்கிறவன்கிட்டே சொன்னா, தியாகியைச் சுருட்டுக்காரன்னு சொல்றான் பாருன்னு கொட்டகையைக் கொளுத்துவான். போலீஸ்கிட்டே சொன்னா, கலகக்காரன் படத்தை வெச்சு வியாபாரம் பண்றியான்னு என்னைத் தூக்கிட்டுப் போவான். அல்லாதான் காப்பாத்தணும்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. இந்த வாரம் சுருட்டு ரெண்டு மடங்கு போவுது. ஏன்னு யாருக்கும் தெரியலை. லேபிளைப் பாத்தா எங்கேயோ பாத்த மூஞ்சியா இருக்குங்கிறான், வாங்கிட்டுப் போறான்."

"என் பொண்டாட்டி பயப்படுறா முதலாளி."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ உள்ளே வந்ததும் நான் எங்கே பாத்தேன், சொல்லு?"

அழகிரி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"அவசரப்பட்டு மீசையை மட்டும் எடுத்துராதே," என்றார் ராவுத்தர். "மீசை இருக்கிற வரைக்கும்தான் இங்கே உனக்குப் பலகை."

*

லேபிள் அடித்த அச்சகம் பாலக்கரையில் இருந்தது. 'காவிரிக் கொடி' அடிக்கிறதும் அதே அச்சகம்தான். அங்கே மெஷின் பார்க்கிற பிலோமின்ராஜ் இவனைக் கண்டதும் கையிலிருந்த மைக் கரண்டியைக் கீழே போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"நான்தான்யா, அழகிரி. சுருட்டு லேபிள்."

"தெரியும்ணே. தெரிஞ்சும் கை தானாப் போகுது."

உட்காரவைத்து உள்ளதைச் சொன்னான். ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் போகும்போது 'மருதை படம் இல்லாமல் இதழ் வரக்கூடாது' என்று சொல்லிவிட்டுப் போனார். வையம்பட்டிக்கு ஆள் விட்டார்கள். மருதையைப் பிறந்ததிலிருந்து யாரும் போட்டோ எடுத்ததே இல்லை. மறுநாள் விடிந்தால் இதழ் போகவேண்டும்.

"பிரஸ்ஸுல படம் இல்லேன்னா கெடைக்கிற பிளாக்கைப் போடுறது வழக்கந்தாண்ணே. திவான் செத்தாருன்னா போன வருஷம் செத்த ஜமீன்தார் பிளாக்கு. யாரு பாக்கப்போறா? அலமாரியில உங்க பிளாக்கு இருந்துச்சு. அரத்தால தலைப்பாகையை ராவினேன். அப்புறம் சுருட்டு. அதை எடுத்தப்போ உதடு ரெண்டும் சேரலை. நடுவுல பொத்தலா நின்னுபோச்சு."

"அதுதான் முழக்கமா?"

"நாங்க எழுதலைண்ணே. புரூப் பாத்தவரு அந்த வாயைப் பாத்துட்டு எழுதினாரு. எழுதினதும் எனக்கே அப்படித்தான் தெரிஞ்சுது. 'தீபிகை'க்காரங்க எங்க பேப்பர்லேருந்து காப்பி எடுத்துக்கிட்டாங்க."

"தப்புப் படம்னு ஒரு வரி போட்டுரு, ராஜு."

"எதுல போடுறது?" பிலோமின்ராஜ் மெஷினைக் காட்டினான். சக்கரத்தில் கயிறு சுற்றி அரக்கு முத்திரை வைத்திருந்தது. "காலையில வந்து சீல் வெச்சுட்டாங்க. இருக்கிற மைக்கரண்டியைக் கழுவிட்டு வீட்டுக்குப் போக வந்தேன்."

அழகிரி எழுந்தான். வாசலில் பிலோமின்ராஜ் அவன் துண்டைப் பிடித்தான்.

"அண்ணே, நாளைக்கு மருதைக்குப் பதினாறாம் நாளு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துல கருமாதி. உடம்பைப் போலீசே எரிச்சுட்டாங்க. சாம்பல்கூடத் தரலை. அதனால அவங்கம்மா அந்தப் படத்தை வெச்சுத்தான் எல்லாம் பண்றாங்களாம். முடிஞ்சதும் படத்தைக் காவேரியில விட்டுருவாங்களாம்."

இதைக் கேட்ட குஞ்சம்மாள் அன்று உலை வைக்கவில்லை.

"உங்க மூஞ்சிக்குப் பிண்டம் வெச்சுத் தண்ணியில விட்டாங்கன்னா அப்புறம் நீங்க யாருங்க?" என்றாள். "போயி அதை வாங்கிட்டு வாங்க. படத்தோட வாங்க. இல்லாட்டி வராதீங்க."

*

பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டிய பஸ் காவிரிப் பாலத்தில் இருமிக்கொண்டே ஏறியது. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போயிற்று. துண்டை மூக்குவரை போர்த்தி உட்கார்ந்திருந்த அழகிரி, அதில் சுழித்துப் போகிற வாழை மட்டைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் கதர்க்காரர்கள் பத்துப் பேர் குரல் எழுப்பாமல் நின்றார்கள். மேலே ஒரு போலீஸ்காரன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். கீழ்ப்படியில் வையம்பட்டி ஜனங்கள். சட்டம் போட்ட படம் ஒரு மணைமேல் நின்றது. கழுத்தளவு மாலை. மாலைக்கு மேலே அழகிரியின் முகம், வாய் திறந்து, ஆற்றைப் பார்த்தபடி.

படையல் போட்டாயிற்று. ஆனால் யாரும் கலையவில்லை. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்துக் கூரை விளிம்பு நெடுக காக்கைகள். கரிக்கோடு இழுத்ததுபோல நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. கத்தவும் இல்லை.

"கா, கா," என்று ஒரு கிழவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டார். "ஏதோ குறை இருக்குடி ரெங்கம்மா. பசியோட நிக்கிறான்."

ரெங்கம்மாள்தான் மருதையின் தாய். ஒடிசலான உடம்பு, வெயிலில் கறுத்த கை. இலையில் இருந்த சோற்றை ஒரு பிடி எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

அழகிரி படி இறங்கினான். இறங்குகிற அவசரத்தில் துண்டு நழுவியது.

யாரும் அலறவில்லை. ஒரு கதர்க்காரர் மெதுவாகப் பின்னால் நகர்ந்து தூணைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் கை கூப்பினார். "கால் படியில படுதா பாரு," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கிழவர் கூப்பிடுவதை நிறுத்தினார். காற்றுகூட நின்ற மாதிரி இருந்தது.

ரெங்கம்மாள் மட்டும் அவன் காலைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்தாள்.

"ஆத்தா," என்றான் அழகிரி. "அந்தப் படம் என் படம். நான் உங்க மவன் இல்லை. நான் சாகலை."

"தெரியும்பா."

அழகிரி நழுவிய துண்டைக் குனிந்து எடுத்தான்.

"பெத்தவளுக்குத் தெரியாதா? மொத நாளே சொன்னேன், இது எம்புள்ள இல்லேன்னு. குண்டு பட்டா மொகம் மாறிப்போவும்னாங்க. ஊரே கும்புடுது. நானும் விளக்கு வெச்சேன். ஒரு பேப்பரு வீரன்ங்குது, ஒரு பேப்பரு ரவுடிங்குது. எம்புள்ள கொடியும் புடிக்கலை, தண்டவாளத்தையும் புடுங்கலை. காணாமப்போன செவலைக் கன்னுக்குட்டியைத் தேடிக்கிட்டுப் போனான். கூட்டமா இருக்கேன்னு நின்னு பாத்தான். அவ்வளவுதான்." கையிலிருந்த சோறு விரலிடுக்கில் பிதுங்கியது. "அதெல்லாங்கூடப் போகட்டும். விளக்கு வெச்சுப் பாத்துப் பாத்து, இப்பக் கண்ணை மூடினா நீதான்யா வர்றே. எம்புள்ள மொகம் வரமாட்டேங்குது. நடை வருது, குரலு வருது. மொகம் இருக்கிற எடத்துல நீ வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிறே."

"ஆத்தா, நான் வேணும்னு..."

"காக்கா எப்படி எறங்கும்? ஆரை நெனச்சு வைக்கிறேன்னு எனக்கே தெரியலையே." அவள் குரல் உயரவில்லை. "நீ உன் படத்தை எடுத்துக்கிட்டுப் போ தம்பி. வேணாங்கலை. ஆனா எம்புள்ள மொகத்தைக் குடுத்துட்டுப் போ."

படத்தை வாங்கத்தான் வந்தான். எட்டினால் கைக்கு வருகிற தூரம். அழகிரி அதைத் தொடவில்லை. எடுத்துப் போய்? இந்தப் படம் போனால் ஊர்ச் சுவரெல்லாம் இருக்கிறது. அவள் கண்ணுக்குள் இருப்பதை எப்படி எடுப்பது?

"அவனுக்கு மீசை உண்டா ஆத்தா?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் பயத்தில் சுருங்கியது. "இல்லை. இல்லைன்னுதான் நெனைக்கிறேன். பூனைமுடியாட்டம்... தெரியலையே."

படியோரத்தில் நாவிதர் ஒருவர் கருமாதிக்காரர்களுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். அழகிரி போய் அவர் முன்னால் குந்தினான்.

"மீசையை எடுங்க."

"அப்பன் ஆத்தா இருக்காங்களா உனக்கு?"

"ரெண்டு பேரும் இருக்காங்க."

"அப்ப எடுக்கக் கூடாதுப்பா. ஆவாது."

"அந்தப் படத்துல இருக்கிறவனாத் திரும்பிப் போகமாட்டேன். எடுங்க."

ராவுத்தரின் பலகை ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அதற்குள் கத்தி மேலுதட்டில் பட்டுவிட்டது. தண்ணீர் சில்லென்றிருந்தது. விளக்கெண்ணெய் போட்டு வளர்த்த மயிர் கற்றையாக அவன் முழங்கால்மேல் விழுந்து, அங்கிருந்து காற்றில் படியிறங்கிப் போனது. உதட்டின்மேல் தோல் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது.

அவன் எழுந்து திரும்பினான்.

கிழவர்தான் முதலில் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது அவருக்குத் தெரியவில்லை. "மருதை," என்றார்.

ரெங்கம்மாள் பக்கத்தில் வந்தாள். சோறு ஒட்டாத கையால் அவன் மேலுதட்டின் வெளுப்பைத் தடவினாள். பிறகு கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை. மூடிய இமைக்குள் விழி அங்குமிங்கும் தேடுவது தெரிந்தது. அப்புறம் ஓரிடத்தில் நின்றது.

"வந்துட்டான்," என்றாள்.

கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தாள்.

கூரையிலிருந்த காக்கைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் எழுந்தன. படித்துறை இருட்டி வெளுத்தது. இலையில் ஒரு பருக்கை இல்லை.

படத்தை அழகிரியே ஆற்றில் விட்டான். மாலையின் பாரத்தில் அது மல்லாந்து கொஞ்சதூரம் போயிற்று. மீசைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனான். பிறகு அந்தத் திறந்த வாய்க்குள் காவிரி புகுந்தது.

*

திரும்பி வரும்போது அவன் துண்டைப் போர்த்தவில்லை. பஸ்ஸில் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹபீபுல்லா சைக்கிளில் எதிரே வந்தார். மணியடித்து, "ஓரமாப் போய்யா," என்றார். அந்த ஒரு அதட்டலில் அழகிரிக்கு மனசு நிறைந்துபோயிற்று. தங்கையன் கடையைத் தாண்டினான். பேச்சு நிற்கவில்லை. ஒரு கண்கூட அவன் காலுக்கு இறங்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. மேலுதட்டைத் தடவிக்கொண்டே நடந்தான். தொட்ட விரல் தன்னுடையதாக இருந்தது. தொடப்பட்ட உதடுதான் இன்னும் பழகவில்லை.

குஞ்சம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்றிருப்பாள் போலிருக்கிறது. வெளிச்சம் மங்கிவிட்டது, விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அவன் படியில் கால் வைத்ததும் தாலியைக் கையில் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். பார்வை அவன் காலுக்குப் போய், தரையில் படுவதைப் பார்த்துவிட்டு, முகத்துக்கு வந்தது. அங்கே கொஞ்சநேரம் நின்றது.

"அவரு ஸ்ரீரங்கம் போயிருக்காருங்க," என்றாள் மரியாதையாக. "படத்தை வாங்கிட்டு இப்ப வந்துருவாரு. நீங்க யாரு தம்பி, வையம்பட்டியா?"

அழகிரி பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

திறந்த வாய் அப்படியே நின்றது.